கேலிப் படத்தில் கிடைத்த பெயர், சித்திரக் கதையில் கிடைத்த வாழ்வு



“பாடப் புத்தகத்தைத் தொடமாட்டேங்கிறான். படக்கதைப் புத்தகம் என்றால் மட்டும் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.” இப்படிக் குறைப்படாத தாய்மார்கள் நம்மில் குறைவு. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பையன் படம் கிறுக்கியிருந்தால் அப்பாவுக்கும் கோபம் வருகிறது. உங்கள் கோபம் நியாயமானதுதான். வெயிலிலும் மழையிலும் உழைத்து வாங்கிக் கொடுத்த நோட்டு அது. அதில் பொம்மை போட்டு வைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனாலும் ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது நம் நாட்டுக் கதை இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த சில ஓவியர்களின் கதை. இம்பிரஷனிஸ்டுகள் என்று உலகம் அவர்களை அழைக்கிறது. தமிழில் மனப்பதிவு ஓவியர்கள் என்று சொல்லலாம். கண்ணில் பட்ட அந்த நேரத்து வெளிச்சத்தை, அது மாறிப் போவதற்குள் வண்ணத்தில் பிடித்து வைக்க முயன்றவர்கள் அவர்கள். அவர்களுடைய வாழ்க்கையை இன்று ஐரோப்பாவில் கட்டம் கட்டமாகப் படம் போட்டு, முழுநீளச் சித்திரக் கதைப் புத்தகங்களாக வெளியிடுகிறார்கள். ‘கிராபிக் நாவல்’ என்பது அந்தப் புத்தகங்களுக்கு வழங்கும் பெயர். சிறுவர்கள் மட்டுமல்லாமல் பெரியவர்களும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்த ஓவியர்களில் ஒருவருக்கு முதல் வருமானம் தந்தது கேலிப் படம். இவர்கள் எல்லாரையும் ஊர் சிரிக்கச் செய்ததும், இவர்களுக்குப் பெயர் வைத்ததும் கேலிப் படம் போடும் ஒரு பத்திரிகை. இன்று இவர்கள் பெருமையைப் பேசுவது சித்திரக் கதை. அந்த மலிவான அச்சுப் படம் இவர்களைத் தொட்டிலிலிருந்து கல்லறை தாண்டியும் விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வாத்தியார் போட்ட விதை

படங்களை வரிசையாக அடுக்கி, அடியில் வாசகம் எழுதிக் கதை சொல்லும் முறையை இன்றைய வடிவில் முதன்முதலில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் பெயர் ரொடோல்ப் டோப்பர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 1799-ஆம் ஆண்டு பிறந்தவர். அப்பா ஓவியர். மகனுக்கும் ஓவியராக வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் கண்ணில் கோளாறு வந்து ஆசை நிறைவேறவில்லை. ஆகவே ஆசிரியராகி, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியை நடத்தினார்.

1827-ஆம் ஆண்டு வாக்கில், தம் மாணவர்களைச் சிரிக்க வைக்க அவர் படக்கதைகளை வரையத் தொடங்கினார். வெளியிடுவதற்கு முதலில் தயக்கம். ‘ஒரு வாத்தியார் இப்படிச் சிரிப்புப் படம் போடலாமா’ என்று நாலு பேர் பேசுவார்களே! நல்ல வேளையாக அந்தக் கையெழுத்துப் பிரதிகள் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கத்தேயின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. முதுமையில் இருந்த அந்தப் பெரியவர் படித்துச் சிரித்து மகிழ்ந்து பாராட்டினார். அதற்குப் பிறகே 1833-இல் டோப்பரின் முதல் படக்கதை அச்சாயிற்று. சித்திரக் கதைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஓர் உறவு ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது பார்த்தீர்களா!

சட்டி தட்டிய பத்திரிகை

அதே காலத்தில் பாரிஸ் நகரில் இன்னொரு வகை அச்சுப் படம் வளர்ந்தது. அதுதான் கேலிச் சித்திரம். அதற்கு வழி செய்தது கல் அச்சு என்ற புதுமுறை. வழவழப்பான ஒரு சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மையால் படம் வரைவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது நமக்குத் தெரிந்ததே. அச்சு மையை உருட்டினால் அது கொழுப்புக் கோட்டில் மட்டும் ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. மேலே காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். ஒரு கல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். சாதாரண மனிதன் கையிலும் படம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1832-ஆம் ஆண்டு சார்ல் பிலிப்போன் என்பவர் ‘லே ஷாரிவாரி’ என்ற நாளேட்டைத் தொடங்கினார். ஊருக்குப் பிடிக்காதவன் வீட்டு முன்னால் நின்று சட்டி பானையைத் தட்டிக் கூச்சல் போடுவது அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கிராம வழக்கம். அந்தக் கூச்சலின் பெயரைத்தான் பத்திரிகைக்கும் வைத்தார். நாள்தோறும் அதில் புதுப் படம் வரும். ஓனொரே தொமியே என்ற பெரும் கலைஞர் அதில் ஆண்டுக்கணக்கில் வரைந்தார். அவர் வாழ்நாளில் போட்ட கல் அச்சுப் படங்கள் ஏறக்குறைய 4,000. மன்னரைப் பெருந்தீனிக்காரராகக் கேலி செய்து வரைந்ததற்காக ஆறு மாதச் சிறைத் தண்டனையும் பெற்றவர் அவர். கேலிப் படம் அதிகாரத்தையே அசைத்துப் பார்க்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நோட்டில் வாத்தியார் முகம்

இப்போது நம் கதாநாயகருக்கு வருவோம். குளோட் மோனே 1840-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். ஐந்து வயதளவில் குடும்பம் லெ ஹாவ்ர் என்ற துறைமுகப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பா வியாபாரத் தொழிலில் இருந்தார். பையனுக்கோ நாலு சுவருக்குள் உட்காருவது பிடிக்காது. பாட நோட்டின் ஓரமெல்லாம் படம். வாத்தியார்களின் முகத்தைக் கோணல்மாணலாக வரைந்து வைப்பதில் கெட்டிக்காரன். இதைப் பிற்காலத்தில் மோனேயே ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார்.

அந்த நாளில் புகழ்பெற்றிருந்த கேலிச் சித்திரக்காரர் நதார் வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்துப் பையன் பழகினான். பதினைந்து பதினாறு வயதுக்குள் கை தேர்ந்துவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்களைப் பெரிய தலையும் சின்ன உடம்புமாக வரைந்தான். படம் ஒன்றுக்கு 10 முதல் 20 பிராங்கு வரை வாங்கினான். சட்டம் போடும் கடையின் கண்ணாடி சன்னலில் அவன் படங்கள் தொங்கின. ஜனங்கள் கூட்டமாக நின்று, “அட, இது நம்ம இன்னார்தானே!” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். இப்படிச் சேர்த்த காசு 2,000 பிராங்கு ஆயிற்று என்பது அவரே சொன்ன கணக்கு. 1859-இல் ஓவியம் கற்கப் பாரிசுக்குப் புறப்பட அந்தச் சேமிப்புத்தான் துணை. அந்தக் கேலிப் படங்களில் சில இன்றும் அமெரிக்காவின் சிக்காகோ கலைக் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அதே கடைச் சன்னலில் யூஜீன் பூதான் என்ற மூத்த ஓவியரின் கடல் காட்சிகளும் தொங்கின. பையனுக்கு அவை முதலில் பிடிக்கவில்லை. ஆனால் பூதான் விடவில்லை. “உனக்குக் கை இருக்கிறது தம்பி, கேலிப் படத்தோடு நின்றுவிடாதே” என்ற கருத்தில் பேசி, வெட்ட வெளிக்கு அழைத்துப் போய், வானத்தையும் தண்ணீரையும் பார்த்து வரையச் சொல்லிக் கொடுத்தார். கிறுக்கிய பையனை அடித்துத் திருத்தாமல், கையைப் பிடித்து அடுத்த படிக்கு ஏற்றிவிட்ட பெரியவர் அவர். மோனே தம் வாழ்நாள் முழுதும் பூதானை நன்றியோடு நினைத்தார்.

1874: ஊர் சிரித்த ஆண்டு

அந்தக் காலத்தில் பிரான்சில் ஓவியன் பிழைக்க வேண்டுமானால் ‘சலோன்’ என்ற அரசாங்கக் கண்காட்சியில் அவன் படம் தொங்க வேண்டும். லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கும் கண்காட்சி அது. எதைத் தொங்கவிடலாம், எதைத் தள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லும் நடுவர் குழுவில் பழைய முறையில் ஊறியவர்களின் கையே ஓங்கியிருந்தது. மோனே, ரெனுவா, பிசாரோ, சிஸ்லி, செசான் போன்றவர்களின் படங்கள் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டன.

எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் வாசலில் காத்துக் கிடப்பது? 1873-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். உறுப்பினர் ஆண்டுக்கு 60 பிராங்கு சந்தா கட்ட வேண்டும். நம் தோட்டங்களில் பெரியவர்கள் மாதா மாதம் சங்கத்துக்குச் சந்தா கட்டினார்களே, அதே மாதிரிதான். 1874 ஏப்ரல் 15 முதல் ஒரு மாதம் தங்கள் சொந்தக் கண்காட்சியை நடத்தினார்கள். இடம் எது தெரியுமா? மோனே சிறுவயதில் பார்த்து வரைந்து பழகினாரே, அந்த நதார் முன்பு வைத்திருந்த புகைப்படக் கூடம்! நதார் கேலிச் சித்திரத்திலிருந்து புகைப்படத் தொழிலுக்கு மாறிப் பெயர் பெற்றவர்.

நுழைவுக் கட்டணம் 1 பிராங்கு. பகலில் மட்டுமல்லாமல் இரவு 8 மணி முதல் 10 மணி வரையும் திறந்திருந்தது. பகலில் வேலைக்குப் போகிறவரும் வந்து பார்க்க வழி இருந்தது. ஒரு மாதத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 3,500 பேர். வந்தவர்களில் பலர் சிரிக்கத்தான் வந்தார்கள்.

அங்கே மோனே வைத்திருந்த படங்களில் ஒன்று, லெ ஹாவ்ர் துறைமுகத்தில் மூடுபனிக்கு நடுவே சூரியன் உதிக்கும் காட்சி. அதற்கு ‘மனப்பதிவு, சூரிய உதயம்’ என்று பெயர் வைத்திருந்தார். ஏப்ரல் 25-ஆம் நாள் ‘லே ஷாரிவாரி’ ஏட்டில் லூயி லெருவா என்பவர் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். பழைய முறை ஓவியர் ஒருவர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துப் பைத்தியம் பிடித்து ஆடுவதாகக் கற்பனை செய்தார். சுவரில் ஒட்டும் பூக்காகிதம்கூட இந்தப் படத்தைவிட முழுமையாக இருக்குமாம்! அந்தக் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பில்தான் ‘இம்பிரஷனிஸ்டுகள்’ என்ற சொல் வந்தது. கேலிக்குச் சூட்டிய பட்டம் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1877-இல் நடந்த மூன்றாவது கண்காட்சியில் ஓவியர்கள் அந்தப் பெயரையே தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். எறிந்த கல்லை எடுத்து அடித்தளம் போட்டதற்கு ஒப்பான காரியம்!

ஆனால் 1877-லும் அந்த ஏடு விட்டபாடில்லை. ஷாம் என்ற சித்திரக்காரர் ஒரு படம் போட்டார். கண்காட்சிக்குள் நுழைய வரும் கர்ப்பிணிப் பெண்ணைப் போலீஸ்காரர் தடுத்து, உள்ளே போவது உடம்புக்கு ஆகாது என்கிறார். படத்தைப் பார்த்தாலே கரு கலைந்துவிடும் என்பது கருத்து. ஒரு மனிதன் உயிரைக் கொடுத்து உழைத்ததை ஊர் இப்படிச் சிரித்தால் அவன் மனம் என்ன பாடுபடும்?

சிரிப்புக்குப் பின்னால் இருந்த அடுப்பு

முதல் கண்காட்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது சங்கத்துக்குக் கடன். உறுப்பினர் ஒவ்வொருவர் தலையிலும் 184 பிராங்கு 50 சதம் விழுந்தது. சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள்.

மோனேயின் வீட்டு நிலையைக் கேளுங்கள். 1867-இல் மூத்த மகன் பிறந்தபோது கையில் காசில்லை. நண்பர் பசீல் அவருடைய பெரிய ஓவியம் ஒன்றை 2,500 பிராங்குக்கு விலை பேசி, மாதம் 50 பிராங்காகத் தவணை கட்டி வாங்கினார். உதவி என்று கொடுத்தால் நண்பன் மனம் நோகுமே என்று விலையாகக் கொடுத்த நல்ல மனிதர். அந்தப் பசீல் 1870-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இறந்தார். ‘சூரிய உதயம்’ படத்தை 1874-இல் ஒரு செல்வர் 800 பிராங்குக்கு வாங்கினார். அவர் நொடித்துப்போய் 1878-இல் அது ஏலத்துக்கு வந்தபோது 210 பிராங்குக்குத்தான் போயிற்று.

அதே போரில் பிசாரோவின் வீட்டை எதிரிப் படையினர் ஆக்கிரமித்தார்கள். அங்கே அவர் விட்டுச் சென்ற படைப்புகள் ஏறக்குறைய 1,500. திரும்பி வந்தபோது 40 அளவுக்கே மிஞ்சியிருந்தன. இருபது வருட உழைப்பு மண்ணோடு மண்ணாயிற்று. மனிதர் உட்கார்ந்து அழவில்லை. மறுபடி தூரிகையை எடுத்தார். மொத்தம் எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. எட்டிலும் படம் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

மோனேயின் மனைவி கமீல் 1879 செப்டம்பர் 5-ஆம் நாள், 32 வயதில், நோயில் இறந்தார். இரண்டாவது குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. மரணப் படுக்கையில் கிடந்த மனைவியை மோனே ஓவியமாகத் தீட்டினார். அன்பான முகத்தில் உயிர் போன பின் நிறம் எப்படி மாறுகிறது என்று தம் கண் தன்னையறியாமல் கவனித்துக் கொண்டிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து நண்பர் கிளெமான்சோவிடம் அவர் சொன்னார். தொழில் ஒரு மனிதனை எவ்வளவு ஆழமாகப் பிடித்துக்கொள்கிறது! இதைப் படித்துவிட்டு அவரைக் கல் நெஞ்சர் என்று சொல்லவும் முடியவில்லை, சும்மா கடந்து போகவும் முடியவில்லை.

ஜப்பானிலிருந்து வந்த மலிவுப் படம்

அச்சுப் படம் இவர்களுக்குச் செய்த இன்னோர் உதவியும் உண்டு. 1850-களில் ஜப்பான் தன் துறைமுகங்களை மேல்நாட்டாருக்குத் திறந்தது. அங்கிருந்து மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட வண்ணப் படங்கள் பாரிசுக்கு வந்தன. ஜப்பானில் சாதாரண ஜனங்கள் வாங்கும் மலிவான படங்கள் அவை. நம்மூரில் சாமி படம் போட்ட நாள்காட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கலைக்கூடத்தில் இடம் பெறாத அந்தப் படங்களில் இவர்கள் பாடம் கற்றார்கள். உருவத்தைப் பாதியில் வெட்டலாம், மேலிருந்து பார்ப்பது போல வரையலாம், ஓர் ஓரத்தை வெறுமையாக விடலாம் என்ற துணிச்சல் அங்கேதான் அவர்களுக்கு வலுப்பட்டது. மோனே தம் வீட்டில் 200-க்கு மேற்பட்ட ஜப்பானியப் படங்களைச் சேர்த்து மாட்டியிருந்தார்.

டெகா என்ற ஓவியர், நாட்டியம் பழகும் பெண்களை இப்படி ஓரத்தில் வெட்டுப்பட்டவர்களாக வரைந்தார். அவர் தொமியேயின் கேலிப் படங்களையும் ஆயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து பாரிசில் வாழ்ந்த மேரி கஸாட் என்ற பெண் ஓவியர் 1890-இல் நடந்த ஜப்பானியப் படக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு பத்து வண்ண அச்சுப் படங்களை வெளியிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டும் தாய், கடித உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டும் பெண் என்று வீட்டுக்குள் நடக்கும் காரியங்களே அவற்றின் பொருள்.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1814 முதல் வெளியிட்ட கோட்டுப்பட நூல்களுக்கு ‘மாங்கா’ என்று பெயர். இன்று நம் பிள்ளைகள் ஆசையோடு படிக்கும் ஜப்பானியச் சித்திரக் கதைகளுக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. ஊர் எங்கே, உறவு எங்கே பாருங்கள்!

இன்றைய சித்திரக் கதைகள்

இப்போது அந்தப் புத்தகங்களுக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த சால்வா ரூபியோ எழுத, எஃபா என்பவர் வரைந்த மோனேயின் வாழ்க்கைக் கதை 2017-ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘ஒளியின் நாடோடி’ என்பது அதன் தலைப்பின் பொருள். சலோன் நிராகரித்த காலம், குடும்பத்தை வைத்துக்கொண்டு காசில்லாமல் தவித்த ஆண்டுகள், பிறகு வந்த புகழ் எல்லாம் அதில் உண்டு. பல கட்டங்கள் மோனேயின் ஓவியங்களையே தழுவி வரையப்பட்டவை. மோனே தீட்டிய தோட்டத்துக்குள் மோனேயே நடந்து வருவார். அவர் வாழ்க்கையை அவர் வண்ணத்திலேயே பார்க்கிறோம். வெறும் எழுத்தால் செய்ய முடியாத காரியம் இது.

அதே இருவர் 2021-இல் டெகாவின் கதையை வெளியிட்டார்கள். டெகாவின் தனிமையும், மேரி கஸாட்டோடு அவருக்கிருந்த நட்பும் அதன் உயிர்நாடி. இருவருமே திருமணம் செய்துகொள்ளாதவர்கள். இருவருக்குமே முதுமையில் கண்பார்வை மங்கியது. இவர்களுக்கு அடுத்த தலைமுறை ஓவியரான வின்சென்ட் வான் கோவின் கடைசி ஆண்டுகளை, டச்சு நாட்டுப் பெண் சித்திரக்காரர் பார்பரா ஸ்டோக் 2012-இல் சித்திரக் கதையாக்கினார். அதில் வின்சென்ட் தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்கள் பேசுகின்றன. பிள்ளைகள் வரைவது போன்ற எளிய கோடுகள்தாம், ஆனால் மனத்தை உலுக்கும்.

ஒரு விஷயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். படத்தில் வறுமையைச் சொல்ல வேண்டுமானால், வரைகிறவன் காலியான அடுப்பை வரைந்தாக வேண்டும். கமீல் நோயில் கிடந்தாள் என்று எழுத ஒரு வரி போதும். வரைவதென்றால் கட்டில், போர்வை, சன்னல் வெளிச்சம், மூலையில் நிற்கும் குழந்தை எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். பெரிய மனிதரின் புகழுக்குப் பின்னால் சமைத்தவர், துவைத்தவர், கடன் கேட்டு நின்றவர் யார் என்பதைச் சித்திரக் கதையால் எளிதில் மறைக்க முடியாது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும்.

எது நடந்தது, எது நினைத்தது?

இவ்வளவு சொன்ன பிறகு மாணவச் செல்வங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். படத்தில் பார்த்தது எல்லாம் அப்படியே நடந்தது என்று நம்பிவிடாதீர்கள்.

சித்திரக் கதையில் மூன்று உண்டு. ஒன்று, ஆண்டு, இடம், ஓவியம், விலை போன்றவை. இவற்றை வேறு நூல்களில் தேடிச் சரிபார்க்கலாம். இரண்டு, வாயிலிருந்து புறப்படும் வட்டத்துக்குள் எழுதிய பேச்சு. கடிதத்திலோ பேட்டியிலோ பதிவாகாத பேச்சு என்றால் அது பெரும்பாலும் எழுத்தாளரின் கற்பனை. கமீலின் படுக்கையருகே மோனே என்ன பேசினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஓவியமும், பிற்காலத்தில் அவர் நண்பரிடம் சொன்னதும்தான் நம்மிடம் உள்ளவை. மூன்று, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளி. அதில் மாதங்களும் ஆண்டுகளும் போய்விடும். ‘இங்கே என்ன விட்டுப்போயிற்று?’ என்று கேட்கப் பழகுங்கள். அப்படிக் கேட்கிற பிள்ளை சரித்திரம் படிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் ஆவணத்தில் இருப்பது மட்டும் முழு உண்மையா? அதற்கும் ஒரு சாட்சி சொல்லுகிறேன். பெர்த் மொரிசோ என்ற பெண் ஓவியர் 1841-இல் பிறந்தவர். எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டவர். குழந்தை பிறந்ததை ஒட்டி ஒன்றை மட்டும்தான் விட்டார். 1895-இல் அவர் இறந்தபோது அரசாங்க மரணச் சான்றிதழில் எழுதியது என்ன தெரியுமா? ‘தொழில் எதுவும் இல்லை.’ முப்பது வருடத்துக்கு மேல் தூரிகை பிடித்த கைக்குச் செக்ரோலில் பெயர் இல்லை! முத்திரை குத்திய தாளும் இப்படிப் பொய் சொல்லும். வீட்டிலும் வெளியிலும் பாடுபட்டும், பாரத்தில் ‘வேலை இல்லை’ என்று எழுதப்பட்ட நம் தாய்மார்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். ஆகையால் ஆவணத்தையும் படியுங்கள், படத்தையும் பாருங்கள், இரண்டிடமும் கேள்வி கேளுங்கள். இதுவே வரலாறு படிக்கும் முறை.

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்

கேலி செய்யப்பட்ட அந்த மோனே கடைசியில் என்ன ஆனார்? கண்ணில் புரை விழுந்து 1923-இல் அறுவை செய்துகொண்டார். அப்படியும் விடாமல் தம் அல்லிக் குளத்தை மிகப் பெரிய துணிகளில் தீட்டி நாட்டுக்குக் கொடுத்தார். 1926 டிசம்பர் 5-இல் காலமானார். மறு ஆண்டு அந்த ஓவியங்களுக்கென்றே பாரிசில் கூடம் திறக்கப்பட்டது. அவர் வைக்கோல் போரைத் தீட்டிய ஓர் ஓவியம் 2019-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 110 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போயிற்று. அந்தக் காசில் ஒரு சதம் கமீலுக்குப் போய்ச் சேராது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

1986-இல் பாரிசில் ஒரு பழைய இரயில் நிலையத்தை ஓர்சே அருங்காட்சியகமாக மாற்றினார்கள். இந்த ஓவியர்களின் படங்கள் இன்று அங்கே ராஜ மரியாதையோடு இருக்கின்றன. 2014-இல் அந்த அருங்காட்சியகமே ஒரு பதிப்பகத்தோடு சேர்ந்து, கத்ரீன் மெரீஸ் என்ற பெண் சித்திரக்காரரின் நகைச்சுவைச் சித்திரக் கதையை வெளியிட்டது. அங்கே தொங்கும் ஓவியங்களில் உள்ள பாத்திரங்களே அதில் நடிக்கிறார்கள். 2020-இல் பிரான்சின் நுண்கலைக் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. சித்திரக் கதைக் கலைஞர் ஒருவர் அந்தக் கழகத்தில் இடம் பெற்றது அதுவே முதல் முறை. மோனேயின் தோழர்களை வாசலில் நிறுத்திய பழைய முறைக்குக் கோட்டையாக இருந்ததும் அந்தக் கழகம்தான். நூற்றாண்டு தாண்டி, கேலிப் பட வம்சத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அதே கதவு திறந்திருக்கிறது.

பெற்றோர்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்தான் சுவர். அதை விட்டுவிட்டுப் படம் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுவரைக் கட்டி முடித்த பிறகு அதில் ஒரு கோடுகூட விழக் கூடாது என்றால், சுவர் கட்டியதுதான் எதற்கு? படம் போடுகிற பிள்ளைக்கு ஒரு பக்கம் அச்சான பழைய தாளையாவது கொடுங்கள். பாட நோட்டு தப்பிக்கும், பிள்ளையின் கையும் பழகும். அவன் சித்திரக் கதை படித்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இது நெசமா நடந்ததாடா? உனக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கக்கூடிய கேள்வி அது.

மாணவச் செல்வங்களே! வாத்தியாரின் முகத்தைக் கோணலாக வரைந்த பையன் ஒருவன் உலகத்தின் கண்ணையே மாற்றினான். அதற்காக நாளைக்கே என் முகத்தை வரைந்துகொண்டு வந்து நிற்காதீர்கள். அப்படியே வரைந்தாலும் நன்றாகக் கவனித்து வரையுங்கள், அடியில் தேதியும் போட்டு வையுங்கள். தேதி போட்ட படம் நாளைக்கு வரலாறு.